மூச்சு வாங்குகிறது... எந்த டாக்டரைப் பார்ப்பது?

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பொது மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் படியேறும்போது மூச்சு வாங்குவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "காரணம் பிடிபடவில்லை டாக்டர், யாரிடம் போவது?" அதனால் இந்த முறை முழுக்க மூச்சுதான்.

பதில்களுக்கு முன்னால் ஒன்று. திடீரென்று மூச்சு முட்டுகிறது, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது, இருமினால் ரத்தம் வருகிறது, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும்போது மூச்சும் வாங்குகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பத்திரிகையை மூடிவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எந்த நிபுணர் என்பதை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் மூச்சிரைப்புக்குத்தான்.

கேள்வி: எனக்கு 46 வயது. எட்டு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். இதய டாக்டர் ஈசிஜி, எக்கோ பார்த்துவிட்டு "ஹார்ட் நன்றாக இருக்கிறது" என்றார். நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு "லங்ஸ் நன்றாக இருக்கிறது" என்றார். மூன்றாவதாகப் பார்த்தவர் "மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இன்னும் பெரிய இதய நிபுணரிடம் போகலாம் என்கிறார் கணவர். போகலாமா? பின்குறிப்பு: கொஞ்ச நாளாக ஐஸ் கட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. பல்லுக்குக் கெடுதலா?

பதில்: பல்லுக்குக் கெடுதல்தான். ஆனால் அம்மா, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியே அந்தப் பின்குறிப்புதான். ஐஸ் கடிக்கும் ஆசைக்கும் பாதிப் படியில் நிற்பதற்கும் ஒரே காரணம் இருக்கலாம்: இரும்புச்சத்துக் குறைவும் அதனால் வந்த ரத்தசோகையும். உங்களுக்குச் செய்த பரிசோதனைகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். ஈசிஜி, எக்கோ, எக்ஸ்ரே, ஊதும் டெஸ்ட். சாதாரண ரத்தப் பரிசோதனை அந்த வரிசையில் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது: நானே இந்தத் தப்பைச் செய்தவன். தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம். உங்கள் வயதுள்ள ஒரு பெண்மணிக்கு இன்ஹேலர் எழுதிக்கொடுத்து மூன்று மாதம் அலையவிட்டேன். ஸ்டெதாஸ்கோப்பில் வீசிங் சத்தம் துளிகூடக் கேட்கவில்லை. இருந்தாலும் "ஆரம்பநிலை ஆஸ்துமாவாக இருக்கலாம்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் நான் விடுப்பில் இருந்தபோது மூத்த டாக்டர் ஒருவர் அவரைப் பார்த்திருக்கிறார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கீழ் இமையை விரலால் கொஞ்சம் இழுத்துப் பார்த்தாராம். உள்பக்கம் செக்கச்செவேலென்று இருக்க வேண்டியது, காகிதம் போல வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 5.8. மறுநாள் அந்தச் சீட்டை என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் நினைவிருந்திருக்காது. இன்றைக்கும் மூச்சிரைப்பு என்று யார் வந்தாலும் என் கை முதலில் இமைக்குத்தான் போகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பெரிய இதய நிபுணர் இப்போது வேண்டாம். ஒரு பொது மருத்துவரிடம் போய் முழு ரத்த எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, ஆணுக்கு 13-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் கையிருப்பு கரைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். இரண்டும் குறைவாக இருந்தால், நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டிய நிபுணர் மகப்பேறு, மகளிர் மருத்துவராக இருக்கலாம். மாதவிலக்கில் எவ்வளவு ரத்தம் போகிறது என்று உங்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, நீங்களும் எழுதவில்லை. இதே ரத்தசோகை ஓர் ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இருந்தால் வயிறு, குடல் மருத்துவரிடம் அனுப்புவேன். ரத்தம் எங்கேயோ கசிகிறது, அதைத் தேடாமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

வீட்டு ஆக்ஸிமீட்டரில் 98 காட்டுகிறதே என்று உங்கள் கணவர் கேட்பார். அந்தக் கருவி, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனால் நிரம்பியிருக்கிறது என்றுதான் சொல்லும். மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பாதி வண்டிகள் ஓடாவிட்டாலும், ஓடுகிற வண்டிகள் நிறைந்திருந்தால் அது 98 என்றுதான் காட்டும்.

ஒருவேளை ரத்தம் சரியாக இருந்தால்? அப்போதும் கதை முடிந்துவிடவில்லை. இதய டாக்டர் சொன்ன "நன்றாக இருக்கிறது" என்பதற்கு, தன் அறைக்குள் தேடியது அங்கே கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டு அறைகளிலும் கிடைக்காதது மூன்றாவது அறையில் இருக்கலாம். பிடிபட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மூச்சிரைப்புக்குக்கூட, நிபுணரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு பொது மருத்துவரே பார்க்கக்கூடியவை நிறைய உண்டு: ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சர்க்கரை, ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் டெஸ்ட். எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஆளின் கையில் இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள், மூன்று ஃபைல்கள் இருந்தன. மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கேள்வி: வயது 63, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. பகலில் சமாளித்துக்கொள்கிறேன். இரவு தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்துவிடுகிறேன். ஜன்னலைத் திறந்து பத்து நிமிஷம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஆஸ்துமாவாக இருக்கும் என்று நுரையீரல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். எக்கோவில் 60 சதவீதம் என்று வந்தது, அதனால் இதயம் இல்லை என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: இதய மருத்துவரிடம் போங்கள், இந்த வாரமே. நுரையீரல் டாக்டரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்ய வேண்டாம். ஆனால் முதல் கதவு அதுவல்ல.

நீங்கள் எழுதியிருக்கும் ஜன்னல் காட்சி எங்களுக்குப் பழக்கமானது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதயம் அந்தச் சுமையைத் தள்ள முடியாமல் திணறும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. எழுந்து உட்கார்ந்தால் பாரம் இறங்குகிறது. ஆஸ்துமாவும் இரவில் எழுப்பும்தான், அதற்குப் பெரும்பாலும் விடியற்காலை நேரம், கூடவே இருமலும் வீசிங்கும். அறையில் நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன்: போன வருஷம் எத்தனை தலையணை, இப்போது எத்தனை? குனிந்து செருப்பு மாட்டும்போது மூச்சு அடைக்கிறதா? பதில்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்த 60 சதவீதம் பற்றி. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னுள் இருக்கும் ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. தள்ளுவதில் கோளாறு இல்லை என்று அது சொல்கிறது. ஆனால் இதயத் தசை விறைத்துப்போய், விரிந்து ரத்தத்தை உள்ளே வாங்குவதில் கோளாறு இருக்கலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த எண் 50-க்கு மேலேதான் இருக்கிறது. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், பருமன் உள்ளவர்களிடம் இது அதிகம். எக்கோ ரிப்போர்ட்டில் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம், டாக்டர்கள் உட்பட. என்டி-புரோபிஎன்பி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அவசரமில்லாத நிலையில் அது 125-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. நீண்ட காலச் சர்க்கரையில் நரம்புகள் மரத்துப்போவதால் இதய ரத்தக்குழாய் அடைப்பு வலியே காட்டாமல், வெறும் மூச்சிரைப்பாக வரக்கூடும். "நெஞ்சுவலி இல்லை, அதனால் இதயம் இல்லை" என்பது உங்களுக்குப் பொருந்தாத வாதம்.

கேள்வி: குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது. தூக்கமில்லாத அசதி என்கிறார்கள் வீட்டில்.

பதில்: அசதி படுத்தால் தீரும், உங்களுக்குப் படுத்தால்தான் ஆரம்பிக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதம் தொடங்கி, பிறந்த பின் ஐந்து மாதம் வரை இதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய் சிலருக்கு வருவதுண்டு. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைக்கும் ஆபத்தும் இந்த வாரங்களில் கூடுதல். கடிதத்தைப் படித்தவுடனே பத்திரிகை அலுவலகம் மூலம் உங்களுக்குத் தகவல் அனுப்பிவிட்டேன்: இன்றே மருத்துவமனை, எக்கோ. இங்கே அச்சிடுவது, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. வாழ்நாளில் ஆஸ்துமா கிடையாது. ஐந்து மாதமாக வீசிங். நுரையீரல் டாக்டர் இன்ஹேலர் கொடுத்தும் பாதிதான் குறைகிறது. வேறு டாக்டரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம் எடுத்துப் போக வேண்டுமா? நிறைய இருக்கிறது.

பதில்: சீட்டு வேண்டாம், மருந்துகளையே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரை மட்டுமல்ல, சொட்டு மருந்து, தைலம், யாரோ கொடுத்த பொடி வரைக்கும்.

ஒரு பெரியவரிடம் மூன்று முறை கேட்டேன், "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" மூன்று முறையும் "எதுவும் இல்லை டாக்டர்" என்றார். எழுந்து போகும்போது சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குப்பி எட்டிப் பார்த்தது. டைமோலால், கண் அழுத்தத்துக்கான சொட்டு. "இது மருந்து இல்லையே, கண்ணுக்குத்தானே?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. சொட்டு என்றால் கண்ணோடு நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்து, சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அவர் பார்க்க வேண்டியிருந்த நிபுணர் கண் டாக்டர். சொட்டை மாற்றினார்கள், வீசிங் நின்றது.

இதே போல, ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் டிகாக்ரெலார் மாத்திரையால் ஏழு பேரில் ஒருவருக்கு மூச்சு வாங்குவது போல் இருக்கும். இதயத் துடிப்பு ஒழுங்குக்குத் தரும் அமியோடரோன், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வராமலிருக்க நீண்ட நாள் தரும் நைட்ரோஃப்யூரன்டாயின் ஆகியவை அபூர்வமாக நுரையீரலையே பாதிக்கக்கூடும். இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாக ஸ்டென்ட் மாத்திரையை. அதை நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். எழுதிய டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு நிபுணராக அலைவதைவிட நேராக ஒரு சிடி ஸ்கேன் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா?

பதில்: எந்த சிடி? நுரையீரலின் சல்லடைத் திசுக்களைப் பார்க்க எடுக்கும் ஸ்கேனில் பெரும்பாலும் சாய மருந்து கொடுக்க மாட்டார்கள்; அதில் ரத்தக்கட்டி தெரியாது. ரத்தக்கட்டியைப் பார்க்க, ரத்த நாளத்தில் சாய மருந்து ஏற்றி, நேரம் பார்த்து எடுக்க வேண்டும். அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, ஆஸ்துமா, தசை பலவீனம் போன்றவற்றைக் கண்டுபிடிக்க இரண்டாலும் முடியாது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுத்த ஸ்கேனில், தேடாத ஒரு சின்னப் புள்ளி தெரிந்து, அதன் பின்னால் ஆறு மாதம் ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் 29 வயதுப் பெண். வேலை செய்யும்போது ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு முழுசாக உள்ளே போகாதது போல இருக்கிறது. கொட்டாவி விட்டுக்கொண்டே இருக்கிறேன், விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகிறது. எல்லோரும் "டென்ஷன், ஒன்றுமில்லை" என்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு எந்த டாக்டர்?

பதில்: உங்கள் கோபம் நியாயம். "ஒன்றுமில்லை" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல.

நீங்கள் சொல்வது, தேவைக்கு அதிகமாக மூச்சு விடும் பழக்கத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. அடிக்கடி பெருமூச்சும் கொட்டாவியும் விடும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுகிறது. அதனால் விரல் மரக்கும், தலை லேசாகும். உடனே பயம் வரும், பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். மாடி ஏறும்போது ஒன்றுமில்லாமல் சும்மா இருக்கும்போது மட்டும் வருவது இதற்குச் சாதகமான அறிகுறி. ஆனாலும் ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி, ஸ்பைரோமெட்ரி இவை நான்கையும் பார்க்காமல் யாரும் உங்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. படபடப்பு, கை நடுக்கம், எடை இறங்குவது இருந்தால் தைராய்டுதான் முதல் சந்தேகம். கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தக்கட்டியின் கணக்கு அதில் மாறும்.

எல்லாம் சரியாக இருந்தால், மூச்சுப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் உங்களுக்கு நிறைய உதவுவார். பயமும் பதற்றமும் முன்னால் நின்றால் மனநல மருத்துவர். அவரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் மட்டும் வேண்டாம். காரணம் உண்மையில் இதயமோ நுரையீரலோ ஆக இருந்துவிட்டால் அது ஆபத்து.

மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்று சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் குரல்நாண் தவறான நேரத்தில் மூடிக்கொள்வதாக இருக்கலாம்; காது மூக்கு தொண்டை மருத்துவரின் வேலை. ஆஸ்துமா என்று நினைத்து வருஷக்கணக்கில் இன்ஹேலர் இழுக்கிறவர்களும் இதில் உண்டு.

கேள்வி: வயது 67. ஆறு மாதமாக வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆனால் வீட்டில் ஆக்ஸிமீட்டரில் எப்போது பார்த்தாலும் 96. அப்படியானால் நுரையீரலில் கோளாறு இல்லைதானே? வயதுக்கு இது சகஜம் என்று விட்டுவிடலாமா?

பதில்: எப்போது பார்த்தாலும் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது பார்த்தீர்கள்? நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதானே?

உங்களைப் போல் ஒருவர் வந்தார். உட்கார்ந்திருக்கும்போது 96. கருவியை அவர் விரலிலேயே மாட்டிவிட்டு, வாருங்கள் நடப்போம் என்று வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு முப்பது மீட்டர். முதல் நடையில் 95. பேரன் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். இரண்டாவது நடையில் 92, பேச்சு நின்றுவிட்டது. மூன்றாவது முறை திரும்பும்போது 87. சுவரில் கை ஊன்றி நின்றார். உட்கார வைத்து இரண்டு நிமிஷத்தில் மறுபடி 96, மறுபடி பேரன் கதை. உட்கார்ந்தே பார்த்திருந்தால் நானும் "வயசாகிவிட்டது" என்று அனுப்பியிருப்பேன்.

அவர் முதுகின் அடிப்பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைப் பிரிப்பது போலச் சரசரவென்று சத்தம். நுரையீரல் திசு தடித்துப் போகும் நோயின் சத்தம் அது. நீங்கள் பார்க்க வேண்டியவர் நுரையீரல் நிபுணர், அதிலும் இந்தத் திசு நோய்களைத் தொடர்ந்து பார்க்கிறவராக இருந்தால் நல்லது. நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நுண் சிடி ஸ்கேனும், நுரையீரல் வழியாக வாயு ரத்தத்துக்குப் போகும் திறனைப் பார்க்கும் டிஎல்சிஓ டெஸ்டும் செய்வார்கள். வெறும் ஊதும் டெஸ்ட் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட இயல்பாகவே வரலாம்.

போவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, இரண்டு கை ஆட்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நகங்களின் அடியில் சின்னதாக ஒரு வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். அது மூடியிருந்தால் விரல் நுனி தடித்திருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். லியோ ஷாம்ராத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் தனக்கு நோய் வந்தபோது தன் விரல்களிலேயே கவனித்து 1976-இல் எழுதிய சோதனை இது. இரண்டு, வீட்டில் புறா, கிளி உண்டா, ஜன்னல் விளிம்பில் புறா எச்சம் சேர்கிறதா, வேலை செய்த காலத்தில் கல் தூசி, பஞ்சுத் தூசி, பூஞ்சை பிடித்த வைக்கோல் பக்கம் இருந்தீர்களா என்று எழுதி வையுங்கள். பறவைத் தூசியால் மட்டுமே வரும் நுரையீரல் அழற்சி உண்டு. மூட்டு வலி, கண் வாய் உலர்வது, குளிரில் விரல் வெளுப்பது இருந்தால் மூட்டு, இணைப்புத்திசு நோய் மருத்துவரும் கூடச் சேர வேண்டியிருக்கும்.

ஆக்ஸிமீட்டரைக் குறை சொல்ல மாட்டேன். தகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர் 1970-களில் அதன் அடிப்படையைக் கண்டுபிடித்த பிறகு எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது. நகப்பூச்சு, சில்லிட்ட விரல் இரண்டும் அதை ஏமாற்றும். கருத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியும் காட்டலாம்.

கேள்வி: எந்த டாக்டரிடம் போனாலும் "வெயிட்டைக் குறை" என்றுதான் சொல்கிறார்கள். உண்மையா, தட்டிக்கழிக்கிறார்களா?

பதில்: இரண்டும் நடக்கும். முழங்கால் பிசகி நான் நாலு மாதம் நடக்காமல் இருந்துவிட்டு, வார்டுக்கு இரண்டு மாடி ஏறினேன். மேலே போய் நர்ஸ் "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டபோது பதில் சொல்ல மூச்சில்லை. நோயாளியின் உறவினர் என்று நினைத்திருப்பார். உடம்பு பழக்கம் விட்டுப்போனால் இப்படித்தான். ஆனால் மற்றதையெல்லாம் பார்த்து விலக்கிய பிறகு சொல்ல வேண்டிய முடிவு இது; முதல் நிமிஷத்தில் சொன்னால் தட்டிக்கழிப்புதான். சந்தேகம் தீரவில்லை என்றால், முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்க்கும் ஒரு டெஸ்ட் இருக்கிறது. மூச்சைத் தடுப்பது இதயமா, நுரையீரலா, பழக்கமில்லாத தசையா என்று அது ஓரளவு பிரித்துச் சொல்லும். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனையும் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 59 வயது. படுத்த அந்த நொடியே மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நாற்காலியில்தான் தூங்குகிறார். இதயம் என்று நினைத்து இரண்டு இடத்தில் எக்கோ எடுத்தோம், ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எல்லாம் சுத்தம். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் "மூச்சை முழுசாக இழுக்கவில்லை" என்று இருந்தது. அவரைத் திட்டி மறுபடி எடுத்தோம், மறுபடி அதேதான் எழுதியிருக்கிறார்கள். காலையில் தலைவலி என்கிறார். குளத்தில் மார்பளவு தண்ணீரில் இறங்கினால்கூட மூச்சு வாங்குகிறதாம். இது என்ன வினோதம்?

பதில்: அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவர் மூச்சை இழுக்காமல் ஏமாற்றவில்லை. அவரால் இழுக்க முடியவில்லை. அந்த எக்ஸ்ரே வரியை எல்லோரும் படத்தின் குறை என்று எடுத்துக்கொண்டீர்கள். அதுதான் நோயின் அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூச்சுக்கு முக்கியமான தசை உதரவிதானம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள திரை. அது பலவீனமானால், நிற்கும்போது வயிற்று உறுப்புகள் தாமாகக் கீழே இறங்கி உதவும். படுத்த நொடியில் அவை நெஞ்சை நோக்கித் தள்ளும். மார்பளவு தண்ணீரும் அதையே செய்யும். இதயக் கோளாறில் நீர் சேர்வதற்குக் கொஞ்ச நேரமாகும், இதில் காத்திருப்பே கிடையாது. காலைத் தலைவலி, இரவில் கரியமில வாயு தேங்குவதால் வருவது.

நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், ஒத்திப்போடாமல். கூடவே நுரையீரல் மருத்துவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஊதும் டெஸ்டை உட்கார வைத்து ஒரு முறை, படுக்க வைத்து ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். நம் எல்லோருக்கும் படுத்தால் அளவு கொஞ்சம் குறையும். 30 சதவீதம் அளவுக்கு இறங்கினால் விடை கிட்டத்தட்ட கையில் இருக்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு அளவும் பார்க்க வேண்டும். கூடியிருந்தால், இரவில் மாட்டிக்கொள்ளும் மூச்சு இயந்திரம் அவரை நாற்காலியிலிருந்து படுக்கைக்குத் திருப்பி அனுப்பிவிடும். வெறும் ஆக்ஸிஜன் சிலிண்டரை வாங்கி வீட்டில் வைத்துவிடாதீர்கள், இந்த நிலையில் அது கரியமில வாயுவை இன்னும் ஏற்றிவிடலாம்.

நரம்பியல் மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு இப்போதே பதில் பார்த்து வையுங்கள்: சாயங்காலம் ஆனால் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா, சட்டைப் பொத்தான் போடும்போது விரல் தடுமாறுகிறதா, எப்போதாவது கழுத்திலோ நெஞ்சிலோ அறுவை சிகிச்சை நடந்ததா. அந்த இரண்டு எக்ஸ்ரே படங்களையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.